வெள்ளி அரைஞாணும் எலும்பு ஸ்கேனும்

கட்டிலை விட்டு இறங்கும்போது சறுக்கி, ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்துவிட்டது என் வீட்டுக்காரருக்கு. முழங்கால் உயரம்கூட இல்லாத கட்டில்! மூச்சு இளைப்புக்காக வருசக்கணக்கில் விழுங்கிய மாத்திரை எலும்பை அரித்திருக்கலாம், ஆண்களுக்கும் இது வரும், முதுகையும் இடுப்பையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும் என்றார் விருதுநகர் டாக்டர். இடுப்பும் போனால் இனிப் படுக்கைதான் என்று மனுசன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வெறும் வயிற்றோடு போக வேண்டாம், கால்சியம் மாத்திரையை மட்டும் முந்தின நாள் நிறுத்தினால் போதும், ஊசி கிடையாது, குகை மாதிரி மெஷினும் இல்லை, திறந்த மேசையில் கொஞ்ச நேரம் அசையாமல் படுக்கணும் என்று சொல்லிச் சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். இடுப்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பதை மறந்துபோனேன்.

ஸ்கேன் எடுப்பவர் வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னதும் மேசையை விட்டு இறங்கிவிட்டார்.

"செத்தபெறகுதான் அத அறுப்பாக. உசுரோட கழட்டச் சொல்லுதீகளே."

வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பக்கத்துக் கடைக்கு ஓடிக் கறுப்புக் கயிறு வாங்கி வந்து, முதலில் அதை இடுப்பில் கட்டினேன். பிறகு வெள்ளியில் கை வைத்தேன். திருகைக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை. தானாக நழுவிக் காலடியில் விழுந்தது.

கல்யாணமான புதிதில் அது சதையில் பதிந்து கிடக்கும். எம். புதுப்பட்டியில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். தீபாவளி சீசனில் பெட்டிகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஓடுவார். சோறு கொண்டுபோன நான் தூக்குச்சட்டியோடு வாசலிலேயே வாய்பார்த்து நிற்பேன். கண்ணு வச்சிராத புள்ள என்று சிரிப்பார். அந்த உடம்பு எங்கே போச்சு? ஸ்கேன் அறையிலேயே அழுதுவிட்டேன்.

எலும்பு தேய்ந்துதான் இருக்கிறது, ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும் என்றார் டாக்டர். தினமும் நடக்கணும், விழாமல் பார்த்துக்கணும், அடுத்த வருசம் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். பஸ் திருத்தங்கல் தாண்டிய பிறகுதான் இவர் கேட்டார்.

"ஏ புள்ள, அடுத்த வருசம் வரச் சொன்னாரே, சும்மா சொல்லுவாரா?"

"நீங்க நடந்தே வருவீகன்னுதான் சொல்லுதாரு."

சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"நீயும் வருவேல்ல?"

வராமல் எங்கே போகப் போகிறேன் என்றேன்.