நான் புகழ்ந்து கெடுத்த நர்ஸம்மாள்

போன வாரம் ஒரு பெண்மணி என் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் ஒன்றும் திட்டவில்லை. புகழ்ந்தேன்... அதனால் வந்த வினை!

அவர் பெயர் கிரேஸ் அம்மாள். குமணன்சாவடிப் பக்கம் சில கனவான்கள் கமிட்டி வைத்து நடத்தும் நாலு கட்டில் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். பரீட்சை தேறி ரிஜிஸ்தரில் பெயர் ஏறியவர். தலைப்பிரசவத்தில் என் மகள் பிழைத்தது இவர் கையால்தான்.

இவருடைய தாயாருக்குக் கண் தெரியாது. திருநெல்வேலியில் யார் வீட்டிலோ இருக்கிறார். அழைத்து வந்து கூடவே வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் டியூட்டி நேரத்தில் யார் பார்த்துக்கொள்வது? ஓர் ஆள் வைக்க மாதம் ஐந்து ரூபாய் வேண்டும்.

"சம்பளம் கூட்டச் சொல்லி ஒரு பெட்டிஷன் எழுதித் தாருங்கள் ஐயா" என்றார்.

பேனா பிடிக்கிறவனிடம் கேட்டால் சும்மா இருப்பேனா? மூன்று பக்கம்! சென்னீர்குப்பத்துக் குடியானவப் பெண்களும் பூந்தமல்லி முஸ்லிம் வீட்டுப் பெண்களும், பிறந்த பிள்ளையைக் காட்ட வரும்போதெல்லாம் முட்டையும் கீரையும் முருங்கைக்காயும் இவர் கையில் திணித்துவிட்டுப் போவதை உருகி உருகி எழுதினேன்.

கமிட்டியாரும் படித்து உருகினார்கள். பிறகு காரியதரிசி என்னிடம் சொன்னார்: "சாப்பாட்டுக்கு ஊரே கொடுக்கிறது. புருஷன், பிள்ளை கிடையாது. உயர்வு எதற்கு?"

ஒரு நர்ஸின் சம்பளத்தை எது நிர்ணயிக்கிறது? படிப்பா? அனுபவமா? பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு சம்பளம், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஒரு சம்பளம், கவுன் போட்டு இங்கிலீஷ் பேசினால் வேறொரு சம்பளம் — இதெல்லாம் எனக்குத் தெரியும். முருங்கைக்காயும் அதில் சேர்த்தி என்று அன்றுதான் தெரிந்தது.

விஷயம் எப்படியோ அந்தப் பெண்கள் காதுக்குப் போயிற்று. 'நம்மால்தானே கெட்டது' என்று கொடுப்பதை நிறுத்தினார்கள். வெறுங்கையோடு வர வெட்கம்... வருவதையும் நிறுத்திவிட்டார்கள்! பாவம், கிரேஸ் அம்மாளுக்குக் காரணம் தெரியாது.

"ஒரு மாசமா ஒரு பிள்ளையும் வரலைய்யா. நான் என்ன தப்பு செஞ்சேன்? சென்னீர்குப்பத்துப் பொன்னம்மா பிள்ளைக்குக் கண்ணுல பீளை கட்டியிருந்துச்சு. மருந்து விடக் கொண்டு வான்னு சொன்னேன். அவளும் வரலை" என்று அழுதார்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஜட்கா கிடைக்குமா பாருங்க" என்றார்.

சென்னீர்குப்பத்தில் பொன்னம்மா எங்களைப் பார்த்துப் பதறிவிட்டாள். "இன்னா நர்ஸம்மா, நீயே வந்துகினே! வெறுங்கையோட எப்டி வர்றதுன்னுதான்..."

"முதல்ல பிள்ளையைக் கொண்டா."

குழந்தையின் கண் இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. பஞ்சை வெந்நீரில் நனைத்து, துடைத்துத் துடைத்து, மருந்து விட்டார். இமை மெள்ளத் திறந்தது. "நல்ல வேளை, பார்வைக்கு ஒண்ணுமில்லை" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என் மூன்று பக்க இலக்கியம் ஒரு குழந்தையின் கண்ணைக் கெடுக்கப் பார்த்ததே!

"அஞ்சு ரூபா இன்னாத்துக்கும்மா உனுக்கு?" என்று பொன்னம்மா கேட்டாள். கிரேஸ் அம்மாள் தயங்கித் தயங்கித் தாயாரைப் பற்றிச் சொன்னார்.

"அய்ய, இதுக்கா? இட்டாந்து எங்க ஊட்ல உடு. பச்சப் புள்ளய வெச்சிகினு நான் ஊட்லதான கீறேன்? நீ டூட்டி முட்ச்சிகினு வர்ற வரிக்கும் பாத்துக்கறேன்."

கிரேஸ் அம்மாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். என் கண்ணும் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்?

பொன்னம்மா என் பக்கம் திரும்பி விரலை ஆட்டினாள். "த பாரு நைனா, இதையும் எழுதி வெச்சிடாதே. கீற சம்பளத்துலயும் புட்ச்சிக்குவானுங்கோ!"

எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே வாசகர்களே... இந்த வாரம் நீங்கள் ஒன்றும் படிக்கவில்லை!