டாக்டருக்கு அவிநாசியாம்

மஸ்கட்டில் தையல் வேலை பார்க்கும் என் அத்தாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோயாக இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும், தமிழ் தெரிந்த சிறப்பு மருத்துவர் அங்கே கிடைப்பாரா என்று இந்த மின்னஞ்சல் குழுவில்தான் கெஞ்சினேன். உங்களில் ஒருவர் தேடிப் பிடித்தும் கொடுத்தார்.

அத்தா போய் வந்துவிட்டார். இன்று உக்கடம் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கூப்பிட்டேன்.

"டாக்டர் தங்கமான மனுசன் கண்ணு. சொந்த ஊரு அவிநாசியாம். உன் தங்கச்சி மாமனாரு அவருக்கு நல்லாப் பழக்கமாம்!"

"வியாதியப் பத்தி என்னங்கத்தா சொன்னாரு?"



"சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சவருகிட்டப் போயி, ஒண்ணுக்குல ரத்தம் வருதுன்னு எப்படிக் கண்ணு சொல்றது? இடுப்பு வலின்னு சொல்லிப்போட்டேன். மாத்திரை குடுத்தாரு."

"ரிப்போர்ட்டக் காட்டுனீங்களா?"

"பாக்கெட்டுலயேதான் இருக்குது."

ரிசீவரைப் போட்டு உடைக்கலாம் போல வந்தது. அதற்குள் அவர் குரல் தணிந்துவிட்டது.

"ஆனா, இடுப்பு நெசமாவே வலிக்குது கண்ணு."

நண்பர்களே, மறுபடியும் கேட்கிறேன். மஸ்கட்டில் தமிழ் தெரிந்த டாக்டர் வேண்டும். நம் ஊர்ப்பக்கம் ஒருவரைக்கூடத் தெரியாதவராகப் பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.