சிவப்பு வெள்ளை நாடா

புதிதாக வந்த ரெம்கோ வாத்தியார் ரூலியை முதன்முதலில் பார்த்தபோது, அவள் பள்ளிக்கூடத்துக் கொல்லையில் முட்டிபோட்டு, தடித்த கையுறையோடு, தொட்டால் அரிக்கும் காஞ்சொறிச் செடி நட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஊரே இதைப் பிடுங்கி எறியுது. நீங்க நடுறீங்க?"

"அந்தப் பக்கத்துப் பூவெல்லாம் பட்டாம்பூச்சி வந்து குடிச்சிட்டுப் போறதுக்கு சார். பிள்ளை வளர்க்கணும்னா இந்த இலைதான் வேணும். காலேஜுல சொல்லித் தரலையா?"

ரெம்கோ மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

நெதர்லாந்தின் ட்ரெந்தப் பகுதியில், நாற்பது பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளிக்குக் காவல், துப்புரவு, ரிப்பேர் எல்லாம் ரூலி ஹுவிங்தான். பத்தொன்பது வருஷம். அந்தக் கொல்லைத் துண்டு நிலத்தில் கார் நிறுத்தத்தான் பெற்றோர் கேட்டார்கள். தலைமையாசிரியர் லாமெர்ட் அவளுக்கு ஒரு கோடை மட்டும் கொடுத்தார்.

"லீவு விடுறதுக்குள்ள இங்கேயே பிறந்த பட்டாம்பூச்சி ஒண்ணு பறக்கணும், ரூலிம்மா. இல்லேன்னா ஜல்லி கொட்டிடுவேன்."

மே மாதம் காஞ்சொறி இலைக்கடியில் முட்டை வந்தது. புழு பொரித்தது. மயில்கண் பட்டாம்பூச்சியின் புழு; கன்னங்கரேலென்று, உடம்பெல்லாம் முள். ரூலி தினமும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மணியடிப்பாள்.

அதே மாதம் சாலையோர ஓக் மரங்களில் அரிப்புப் புழு கிளம்பியது. அதன் ரோமம் பட்டால் பிள்ளைகளுக்கு உடம்பு தடித்துவிடும். புழு கண்ட மரத்துக்கெல்லாம் நகராட்சி ஆட்கள் சிவப்பு வெள்ளை நாடா சுற்றினார்கள். திங்களன்று நாடா தேவாலயம் வரை வந்தது. புதனன்று ரொட்டிக்கடை. பின்னாலேயே மருந்து வண்டியின் இரைச்சல்.

ரூலி பயந்துபோய் நகராட்சிக்குப் போன் போட்டாள்.

"கண்ட இடத்துல அடிக்க மாட்டோம்மா. அடையாளம் போட்ட இடத்துல மட்டும்தான்" என்றான் அங்கிருந்தவன்.

அவளுக்கு நெஞ்சு லேசானது. நகராட்சி வரைபடத்தில் குறித்த அடையாளத்தைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியமே பந்து ஒன்று செடிக்குள் விழுந்து இரண்டு தண்டு ஒடிந்தது. விளையாட்டு விழாவுக்கு வாங்கியதில் மிஞ்சிய நாடாச் சுருளை ரூலி அலமாரியிலிருந்து எடுத்தாள். தோட்டத்தைச் சுற்றிக் கட்டினாள். பலகையில் பெரிதாக எழுதி நட்டாள்: "கவனம், புழுக்கள்! கிட்டே வராதீர்கள்."

நாடா சிவப்பு வெள்ளை.

வியாழன் இயேசு விண்ணேறிய திருநாள். வெள்ளியும் பள்ளி விடுமுறை. வெள்ளி காலை வீட்டில் காபி ஊற்றிக்கொண்டிருந்தவள் காதில் வண்டியின் இரைச்சல் விழுந்தது. அது எந்த மரத்தடியிலும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. ரூலி சைக்கிளை எடுத்தாள்.

தோட்டத்தோரம் மருந்து வண்டிக்கார ஹார்ம் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவளிடம் சாவி வாங்கி வகுப்பு திறந்த பழைய மாணவன்.

"லிஸ்ட்ல இல்லக்கா. ஆனா நாடாவும் பலகையும் பார்த்தேன். நம்ம ரூலியக்கா கேட்டு அடிக்காமப் போவேனா? காபி வாங்கிக் குடுத்துருங்க."

"எவ்வளவு அடிச்சே?"

"இலைக்கு அடியிலயும் மேலயும், எல்லா இடத்துலயும். ஒண்ணு தப்பாது."

ரூலி நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புழுக்கள் அப்போதும் மென்றுகொண்டுதான் இருந்தன. சனிக்கிழமை மெல்வது நின்றது. திங்களன்று பிள்ளைகள் வந்தபோது எல்லாம் துவண்டு, ஈரக் கந்தலாகத் தொங்கின. ரெம்கோ வகுப்பு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

ஜூலையில் ஜல்லி கொட்டினார்கள்.

ரூலி இன்னும் அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறாள். காலை ஏழரைக்குக் கேட்டைத் திறந்து, கார்களைக் கோட்டுக்குள் நிறுத்தச் சொல்கிறாள்.