கீறல் விழுந்த மூன்றாவது பாட்டு

அந்த டிஸ்க்கை ரிங்லெட் டவுனில் நான்தான் வாங்கினேன். பழைய ஹிட் பாட்டுகளின் தொகுப்பு. அட்டையில் சிரித்த நடிகைக்கும் உள்ளே இருந்த பாட்டுகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காதல் பாட்டுக்குப் பின்னால் அழுகைப் பாட்டு, அது முடிவதற்குள் குத்துப் பாட்டு. அடுக்கியவருக்குக் கொஞ்சம் கிறுக்கு இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கிறுக்குப் பிடித்திருந்தது.

எங்களைத் தேயிலை மலைக்கு ஏற்றிப்போகும் லோரியில் டிரைவர் அண்ணன் தினமும் அதைப் போடுவார். பின்னால் நிற்பது நாங்கள், கொழுந்து வெட்டும் பெண்கள். கேட்டுக் கேட்டு, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எங்கள் வாயில் தயாராக நிற்கும். மூன்றாவது பாட்டில் ஒரு கீறல். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். அண்ணன் பாட்டுப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினால்தான் நகரும். ஒரு கல்யாண வீட்டில் அதே பாட்டு தடங்கலில்லாமல் ஓடியபோது, யாரோ பாட்டைக் கெடுத்துவிட்டதாக எங்களுக்குக் கோபம் வந்தது.

எஸ்டேட்டை நடத்தப் புதுத் துரை வந்தார். எங்கள் தமிழ் ஆள்தான், கோலாலம்பூர்க்காரர். எஸ்டேட்டின் தேநீர்க் கடைக்குக் கீழேதான் லோரி போகும் பாதை. ஒரு காலை லோரியை நிறுத்தினார்.

"டிரைவர், இனிமே பாட்டு வேணாம்லா. டூரிஸ்ட்டுங்க அமைதிக்காகத்தான் இங்க வர்றாங்க."

அண்ணன் டிஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மலையின் குளிரும் மழையும் அட்டைக்கடியும் எங்களுக்கு, அமைதி மட்டும் அவர்களுக்கா?

மறுநாள் லோரி கிளம்பியதும் முதல் பாட்டை நானே ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்றவள் என் கையைக் கிள்ளினாள்.

"சும்மா இரு, அக்கா. வேலைய விட்டுத் தூக்கிட்டா என்ன பண்ணுவ?"

"துரை டிஸ்க்கதானே வேணாம்னாரு? என் வாயையா கழட்டச் சொன்னாரு?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவள் இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டாள். பிறகு லோரியே பாடியது, டிஸ்க்கில் இருந்த அதே வரிசையில். மூன்றாவது பாட்டில் கீறல் வந்ததும் எல்லோரும் அந்த ஒரு சொல்லிலேயே நின்று சுற்றினோம். அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவில் ஒரு தட்டுத் தட்டினார். பாட்டு நகர்ந்தது. அன்று மாதிரி நாங்கள் சிரித்ததே இல்லை.

துரை கூப்பிட்டனுப்புவார் என்று காத்திருந்தோம். கூப்பிட்டார். ஆனால் முகமெல்லாம் பல்.

"அக்கா, நீங்க பாடுறத டூரிஸ்ட்டுங்க வீடியோ எடுத்துப் போட்டிருக்காங்க, நல்லா ஓடுது. நாளையிலேர்ந்து கடைகிட்ட லோரி மெதுவா போகட்டும். எல்லாருக்கும் ஒரே கலர்ல சேலை தர்றோம். அந்த எடத்துல மட்டும் நல்லா சத்தமா பாடிடுங்க."

தடுத்தபோது வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நேற்றுவரை இரைச்சல். இன்று சேலை கட்டிவிட்டால் சங்கீதமா? சேலையை வேண்டாம் என்றேன்.

மறுநாள் முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு என்று பாடிக்கொண்டே வந்தோம். மூன்றாவதில் கீறல் வருகிற இடமும் தேநீர்க் கடை வருகிற இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே வரிசையாகக் கைப்பேசிகள். நடுவில் துரை, கையை ஆட்டி ஆட்டி, பாடுங்கள் என்று. நான் வாயை மூடினேன். எல்லோரும் மூடினார்கள். லோரி மெதுவாகத்தான் போனது. அவர்கள் காசு கொடுத்துத் தேடி வந்த அமைதியை முழுசாகக் கொடுத்தோம். துரையின் முகத்தை நான் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வளைவு திரும்பியது. கடை மறைந்தது. அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, கதவில் ஒரு தட்டுத் தட்டினார்.

விட்ட இடத்திலிருந்து பாடினோம்.