கல்லுக்குள் ஒரு சிப்பி

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டதும் கொதித்தெழுந்த அந்தக் காரமான வாசனை, இன்று கல்யாண மண்டபம் நிற்கும் தாடிக்கொம்பு ரோட்டில் முன்பு புகைந்துகொண்டிருந்த எங்கள் சுண்ணாம்புக் காளவாசலுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. கடற்கரையிலிருந்து லாரியில் வந்து சடசடவென்று சரியும் வெளிறிய கற்கள், சாம்பல் படிந்த வேப்பமரம், சூளையில் போடுவதற்காக அம்மா கல் உடைக்கும் ஓயாத சத்தம்.

செத்த சிப்பிகள் கடலடியில் படிந்து படிந்து இறுகித்தான் இந்தக் கல் உண்டானது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏ புள்ள, இம்புட்டுக் கல்லு கெடக்குல்ல? ஒரு சிப்பியக் காட்டு பாப்போம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மாவின் சுத்தியலை வாங்கி, உள்ளங்கை கொப்புளிக்க, முகமெல்லாம் வெள்ளைத் தூளாக உடைத்துக்கொண்டே இருந்தேன். பொழுது சாயும்போது ஒரு கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே, விசிறிபோல வரிவரியாக ஒரு முழுச் சிப்பி.

"அம்மா, கடலு! கல்லுக்குள்ள கடலு!"

அண்ணன் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"அட, நெசந்தான் புள்ள!" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காளவாசலைச் சுற்றி ஓடினான். அதுவரை கடலையே பார்த்திராத நான், அந்தக் கல்லை இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.