ஜுபைதா பீவி சொன்ன எடை

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் ஜுபைதா பீவிக்கு எதையும் குறைத்துச் சொல்வதே வழக்கம். மகன் அகமது மீரான் துபாயிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழமும் சரி, பெருநாள் பிரியாணிக்கு வாங்கிய கறியும் சரி, அவர் வாயில் பாதியாகிவிடும். உள்ளதைச் சொன்னால் கண் பட்டுவிடுமாம். தெருக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவர் சொன்னதை இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள்.

மருமகள் ஹம்னா முதன்முறையாக உண்டாகியிருந்தாள். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது லேப்பில் எடை மெஷின் பழுது. எடை எவ்வளவு என்று வாயால் கேட்டார்கள். பக்கத்து நாற்காலியில் தெருக்காரி ஆபிதா பீவி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஹம்னா வாய் திறக்குமுன் ஜுபைதா ஐம்பத்தைந்து என்றார். மாமியை மறுத்துப் பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை. புர்காவுக்குள் இருந்த உடம்பை யார் கண்டார்கள், அதையே பதிந்துகொண்டார்கள்.

ரத்தத்தில் ஒரு புரதம் குறைவு என்று முடிவு வந்தது. பிள்ளைக்குக் குறை இருக்கலாம், வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும் என்றார் டாக்டரம்மா. ஹம்னா சோற்றைத் தொடவில்லை. ஜுபைதாவுக்கும் பீடி இலையில் கை ஓடவில்லை.

ஊசிக்கு நாள் குறிக்கப் போன அன்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அந்தப் புரதம் நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் கலப்பது. பிள்ளை எத்தனை வாரம், ஒன்றா இரட்டையா, தாயின் எடை என்ன என்று பார்த்துத்தான் அளவு சரியா தப்பா என்று சொல்ல முடியும். கனத்த உடம்பில் ரத்தம் அதிகம். பெரிய பானையில் அதே கை உப்பு போட்டால் கரிப்பு குறைகிற மாதிரி.

ஜுபைதா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"டாக்டரம்மா, எம் மருமவ அம்பத்தஞ்சு இல்ல. கண்ணு பட்டுருமேன்னு நாந்தான் கொறச்சுச் சொன்னேன்."

ஹம்னாவை மெஷினில் ஏற்றினார்கள். கதவு திறந்து கிடந்தது, வெளியே ஒரே கூட்டம். ஜுபைதாவே குனிந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்க, எழுபத்தெட்டு என்று படித்தார்.

திருத்திக் கணக்குப் போட்டதில் புரதம் சரியாகவே இருந்தது. ஊசி வேண்டாம் என்றார்கள். கோபப்பட வேண்டிய ஹம்னா, மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மழைக்காலத்தில் பெண் பிள்ளை பிறந்தது, மூன்றரைக் கிலோ. பார்க்க வந்த ஆபிதா பீவி எடையை விசாரித்தார். பழக்கதோஷம், ஜுபைதா இரண்டேகால் என்றார்.

"அப்ப நாலரையா?" என்று ஆபிதா பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

ஜுபைதா பதறிப்போனார். "இல்ல ஆபிதா, அல்லா மேல ஆணையா மூணரைதான்."

கட்டிலில் ஹம்னா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.