சாமான் அறையில் யாருமில்லை

ஏரிக்கரையில் இருந்த அந்தக் கோடை வீட்டுக்கு மொத்தம் நாலு சொந்தக்காரர்கள். நாலு பேரும் அங்கே படுத்து எழுந்த நாட்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் மூன்று வருஷம் தேறாது. அதே வீட்டில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தவள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில் தொங்கியதால் எல்லாரும் அவளைச் சாவியம்மா என்றார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

வீட்டைக் கட்டியவர் ஒரு நீதிபதி. ஓய்வு பெற்ற கையோடு, ஏரியைப் பார்த்த மாதிரி நாலு அறை, முன்னால் மர வராந்தா, தண்ணீரில் இறங்கப் படிகள், ஓரமாக ஒரு படகுக் கொட்டகை என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். படகுக்கு ஓர் ஆளும் வீட்டுக்கு ஓர் ஆளும் தேடியபோது, கல்யாணமாகி நாலு மாதமான ஒரு ஜோடி வந்து நின்றது. புருஷன் படகுக்கு, பெண்டாட்டி வீட்டுக்கு என்று முடிவாயிற்று. பின்பக்கம், சமையலறைச் சுவரை ஒட்டிப் பத்துக்குப் பத்தில் ஓர் அறை இருந்தது. கட்டும்போது சிமெண்டு மூட்டை அடுக்கிய அறை. அதைக் கழுவிவிட்டு அவர்களுக்குக் கொடுத்தார்கள்.

நீதிபதியின் மனைவி முதல் நாளே சாவியம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"நீங்க தாராளமா இருங்க. ஆனா நாங்க வந்து தங்கறப்ப, இங்க இன்னொரு குடும்பம் இருக்கிற மாதிரியே தெரியக் கூடாது. புரியுதா? ஓய்வுக்குத்தானே வர்றோம். அப்புறம் உங்களுக்கு வர்ற லெட்டர் எல்லாம் இந்த விலாசத்துக்கு வேண்டாம். டவுன்ல யாராவது சொந்தக்காரங்க இருப்பாங்கல்ல?"

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாவியம்மாவுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நீதிபதி வீட்டு அம்மாள் சொன்னால் அது சட்டம் என்று எடுத்துக்கொண்டாள். விலாசத்துக்கு டவுனில் இருந்த அண்ணன் வீட்டைக் கொடுத்தாள். வாக்காளர் அட்டை, மருந்துச் சீட்டு, பின்னால் மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அண்ணன் வீட்டு விலாசம்தான் ஏறியது. அந்த அண்ணன் வீட்டில் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் தங்கியதில்லை. அண்ணிக்கும் அவளுக்கும் ஆகாது.

கோடை பிறந்து "வர்றோம்" என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், சாவியம்மாவுக்குக் காலில் சக்கரம் கட்டியது போலாகிவிடும். முதலில் பெரிய வீடு. வெள்ளைத் துணிகளை உருவி, நாற்காலிகளைத் துடைத்து, குழாய்களைத் திறந்துவிட்டுத் துருத்தண்ணீர் போகும்வரை நிற்பாள். அது ஊரறிந்த வேலை. ஊருக்குத் தெரியாத வேலை அதற்குப் பிறகு ஆரம்பிக்கும். துணிக்கொடியை அவிழ்ப்பாள். அடுப்பு, பாத்திரம், படுக்கை, மகளின் புத்தகங்கள் அத்தனையும் படகுக் கொட்டகைக்குப் போகும். புகை படிந்த சுவருக்கு ஒரு பூச்சு. நிலைக்கால்களை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பெயிண்ட். கடைசியாக, அறைவாசலில் இருந்து கிணற்றடி வரை விழுந்திருக்கும் ஒற்றையடித் தடத்தை மண்வெட்டியால் கொத்திக் கலைத்துவிடுவாள். முடித்துவிட்டு வாசலில் நின்று பார்த்தால், அங்கே மனிதர் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. அதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

கோடை முழுக்க மூன்று பேரும் சத்தம் இல்லாமல் இருட்டிய பிறகு வந்து தரையில் படுத்து, விடிவதற்குள் எழுந்துவிடுவார்கள். காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் போகிறவர்கள் என்றுதான் விருந்தாளிகளும், பக்கத்துக் கோடை வீடுகளுக்கு வந்தவர்களும் நினைத்தார்கள்.

மகள் பிறந்தது அந்த அறையில்தான். கோடை முடிந்து கார்கள் போனதும், அவள் புருஷன் படகுக்காரன் பேனாக்கத்தியோடு வந்து மகளை நிலைக்காலில் சாய்த்து நிற்கவைத்து, தலைக்கு நேரே ஒரு கோடு கீறுவான். அடுத்த கோடைக்கு முன் சாவியம்மா அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுவாள்.

"ஒரு கோடுதானே, விட்டாத்தான் என்ன? அவங்க வந்து நிலைக்காலையா அளக்கப் போறாங்க?" என்பான்.

"அவங்க கண்ணுல பட்டுட்டா?"

"பட்டா படட்டும். நீ அழி. நீ அழிக்கிறதுக்குள்ள அவ வளந்துடுவா, நான் மேல போடறேன்."

ஒன்பது வருஷம் கழித்து நீதிபதி இறந்ததும், வீடு ஒரு டாக்டருக்குக் கை மாறியது. பத்திரத்தில் வீடு, கிணறு, படகுக் கொட்டகை, படகு ஒன்று, பின்பக்கச் சாமான் அறை ஒன்று என்று எழுதினார்கள். சாமான் அறை என்றால் இவர்கள் குடியிருந்த அறை. வெள்ளையாக இருந்த நிலைக்கால் பச்சையானது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

டாக்டர் காலத்து ஐந்தாம் கோடையில், விருந்தாளி யாரோ படகைச் சரியாகக் கட்டாமல் விட்டுவிட்டார். மத்தியானம் காற்று கிளம்பிப் படகை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. முதலாளி படகு போகிறதே என்று படகுக்காரன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு நீந்திப் போனான். படகு மறுநாள் தானாகவே கரைக்கு வந்துவிட்டது. அவன் வர மூன்று நாள் ஆயிற்று.

படிகளில் உட்கார்ந்து சாவியம்மா வாய்விட்டுக் கதறினாள். டாக்டர் மனைவி வந்து தோளைத் தொட்டார். "கொஞ்சம் மெதுவாம்மா. குழந்தைங்க பயந்துக்கறாங்க" என்றார். சாவியம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அந்தக் கோடையில் பாக்கி இருந்த பத்தொன்பது நாளும் அப்படித்தான் அழுதாள். அப்பா போனபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு மேல் யாரும் கோடு போடவில்லை.

டாக்டரும் அழுதார். பொய் அழுகை இல்லை. "இந்த ரூம் உனக்குத்தான்மா. நீ இருக்கிற வரைக்கும் யாரும் உன்னைக் கிளப்ப மாட்டாங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னார். நல்ல மனுஷன்தான். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு நல்லவர் இல்லை. ஆறு வருஷத்தில் அவர் வெளிநாடு போனார். வீடு சோப்புக் கம்பெனி முதலாளி ஒருவருக்குப் போயிற்று. வாய் வார்த்தை யாருக்கும் போகவில்லை.

சோப்புக்காரர் நிலைக்காலுக்கு நீலம் அடிக்கச் சொன்னார். இந்த இடத்தில் நம்மைத் தவிர ஈ காக்கா கிடையாது என்று விருந்தாளிகளிடம் பெருமை அடிப்பது அவருக்குப் பிடிக்கும். பின்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சாவியம்மாவுக்குப் பாடம் எடுத்தார். "யாருமில்லீங்க, சாமான் ரூம்" என்பதுதான் பாடம். பன்னிரண்டு கோடைகள் அவள் அதைச் சொன்னாள். மகள் அதற்குள் டவுனுக்குப் போய்த் தையல் கம்பெனியில் சேர்ந்து, ஐந்து பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். அம்மாவைக் கூட்டி வைத்துக்கொள்ள அங்கே இடம் இல்லை.

நாலாவதாக வீட்டை வாங்கியது ஓர் ஓட்டல் கம்பெனி. எல்லாவற்றையும் இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப் போவதாகப் பேச்சு. கம்பெனியின் மானேஜர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். மாதக் கடைசியோடு வேலை இல்லை என்பதையும் அதே மரியாதையோடு சொன்னார்.

சாவியம்மாவுக்கு ஐந்தாறு நாள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள்தான் எங்கெங்கோ அலைந்து, மனுக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து விளக்கினாள்.

"அம்மா, நல்லாக் கேளு. பத்து வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல குடியிருந்தவங்கள, வேற இடம் குடுக்காம காலி பண்ணச் சொல்ல முடியாதாம். சட்டமே இருக்கு. வெள்ளிக்கிழமை ஒரு ஆபீசர் நேர்ல வருவாரு. நீ இங்கதான் இருக்கேன்னு அவர் கண்ணால பாத்து எழுதணும். அவ்வளவுதான்."

"எழுதினா?"

"எழுதினா கம்பெனி உனக்கு ஒரு வீடு குடுத்துத்தான் ஆகணும். அதனால நீ ஒண்ணையும் எடுத்து வைக்காதே. அடுப்பு, படுக்கை, கொடியில துணி எல்லாம் அப்படி அப்படியே கிடக்கட்டும். எனக்கு அன்னிக்கு லீவு தர மாட்டேங்கறாங்க, சாயங்காலம்தான் வர முடியும். நீ எதையும் தொடாம இருந்தாலே போதும். இருப்பியா?"

"இருப்பேன்டி. எனக்கென்ன புத்தி கெட்டா போச்சு?"

அடுத்த நாலு நாளும் அவள் அறையை விட்டு அதிகம் நகரவில்லை. வீடு என்று ஒன்று கிடைத்தால் மகளும் தன்னோடு வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள். கதவில் யார் பெயர் எழுதுவது என்றுகூட யோசித்தாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரிய வீட்டு டெலிபோன் அடித்தது. மானேஜர்தான். "ஆபீசரும் நானும் பதினோரு மணிக்கு வர்றோம். வீட்டைத் திறந்து வைங்க" என்றார். அவர் மனதில் ஒரு சூதும் இல்லை. ஆனால் அந்த "வர்றோம்" சாவியம்மாவுக்குள் எங்கேயோ போய் ஒரு தாழ்ப்பாளைத் தட்டிவிட்டது.

பெரிய வீட்டை மட்டும் துடைத்தாள். மகள் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. அப்புறம் பின்பக்கம் வந்தபோது, கொடியில் பழைய பாவாடை தொங்கியது கண்ணை உறுத்தியது. ஓர் ஆபீசர் வரும் இடத்தில் இதுவா தெரிய வேண்டும் என்று அதை மட்டும் எடுத்தாள். ஒன்று போனதும் மற்றவை அசிங்கமாகத் தெரிந்தன. கரியோடு இருந்த அடுப்பைப் பார்த்தால், இவளா வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் என்று நினைக்க மாட்டாரா? படுக்கையில் ஒரு கிழிசல் வேறு. எதிலும் தப்பில்லை, கொஞ்சம் ஒதுக்கித்தான் வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்கும் அறைக்கும் நடந்தாள். பத்தரை மணிக்கு அவள் கையில் மண்வெட்டி இருந்தது. கிணற்றடித் தடத்தைக் கொத்தி முடித்திருந்தாள்.

கார் வந்தது. ஆபீசர் வயதானவர், மூக்குக்கண்ணாடி, கையில் தாள் செருகிய அட்டை. அவள் முன்னால் நடந்து அறை அறையாகத் திறந்து காட்டினாள். மூன்று தடவை வீடு விற்றபோதும் வாங்க வந்தவர்களுக்கு அப்படித்தான் காட்டினாள். பின்பக்கம் வந்தார்கள். ஆபீசர் எட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"சாமான் ரூமுங்க."

"இங்க யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. "இல்லீங்க, இல்லீங்க, நான்தான் இருக்கேன்! முப்பத்து மூணு வருஷமா நான்தான் இருக்கேன். பழக்க தோஷத்துல வாய் தவறிடுச்சுங்க" என்று ஆபீசர் முன்னால் கையைக் கூப்பினாள்.

ஆபீசர் அவசரப்படவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார், ஆணி அடித்த தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று தடவிக்கூடப் பார்த்தார். "எதையாவது காட்டுங்கம்மா. அடுப்பு, படுக்கை, இந்த விலாசத்துக்கு வந்த ஒரு லெட்டர்..."

அவள் கொட்டகைக்கு ஓடி, படுக்கைச் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மானேஜர் தரையைப் பார்த்துக்கொண்டே, "கொட்டகையில இருந்துதானே சார் எடுத்துட்டு வர்றாங்க" என்றார். அடையாள அட்டையைக் காட்டினாள். அதில் அண்ணன் வீட்டு விலாசம் இருந்தது. பக்கத்து வீடுகளில் யாராவது சாட்சி சொல்வார்களா என்று ஆபீசர் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவள் பஸ்ஸில் வந்து போகிறவள்.

"நான் உங்களை நம்பறேன்மா" என்றார் ஆபீசர். "ஆனா பாத்ததையும் கேட்டதையும்தான் நான் எழுத முடியும். பாத்தது காலி ரூம். யாருமில்லைன்னு சொன்னது நீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. தாளில் எழுதி, மானேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மகள் வந்தபோது, சாவியம்மா நிலைக்கால் பக்கத்தில் மண்டியிட்டுச் சமையல் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நீலம் உதிர்ந்து பச்சை தெரிந்தது. பச்சை உதிர்ந்து வெள்ளை. வெள்ளைக்குக் கீழே மரம் வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. உப்புத்தாள் போட்டால் அவள் அப்படித்தான் போடுவாள். வேலையில் குறை வைக்கிறவள் இல்லை.

காலி அறையையும் கொத்திவிட்ட தடத்தையும் பார்த்ததுமே மகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பையைக் கீழே போட்டாள்.

"ஏம்மா? அவ்வளவு சொல்லிட்டுப் போனேனே, ஏம்மா?"

"வர்றோம்னு போன் பண்ணாங்கடி" என்றாள் சாவியம்மா.

மகள் வாசலிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதாள். சத்தம் இல்லாமல் அழ அவளுக்கும் சின்ன வயதிலேயே பழகியிருந்தது. சாவியம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு எழுந்து துடைப்பத்தை எடுத்து, உதிர்ந்து கிடந்த நீலம், பச்சை, வெள்ளை எல்லாவற்றையும் ஒரு துணுக்கு விடாமல் கூட்டி அள்ளினாள்.